ராஜாமணி என்ற பெயரில் இரண்டு பேர்

அதியமான்கோட்டை தீர்த்தம்மாளின் மகள் ராஜாமணி என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் ஒருவருக்கும் மனமில்லை. டீக்கடை மாதப்பன், அவள் பெங்களூரில் டைப் அடிக்கிறாள் என்பார். சைக்கிள் கடை நூர் பாஷா, கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கிறாள் என்று அடித்துச் சொல்வார். எண்பதுகளில் டவுன் பஸ் ஸ்டாண்டிலேயே ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு தொங்கியதால் அந்தக் கட்சிக்குத்தான் ஆள் அதிகம். அவள் லீவில் வந்து இறங்கினால் போதும், நாலு பேர் நட்சத்திரத்தை ஒப்பித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவளும் பாவம், எல்லோருக்கும் “நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லி அனுப்புவாள். அவள் வாயால் சில கல்யாணங்கள் நடந்தும் இருக்கின்றன. அவை நன்றாகவே ஓடுகின்றன என்பதுதான் வேடிக்கை.

அவள் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நாட்டின் ரகசியங்கள் கம்ப்யூட்டரில் போகும்போதும் வரும்போதும் எவன் கண்ணிலும் படாமல் இருக்க, எண்களால் பூட்டு செய்கிறவள். இதை அவள் யாரிடமும் சொல்லக்கூடாது. பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். பெங்களூரில் அந்த ஆபீசுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அதைப் ‘போர்டு இல்லாத ஆபீஸ்’ என்று சொல்லிச் சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கே பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கேட்கவும் கூடாது.

அவள் படித்ததே ஒரு கூத்து. அப்பா தீர்த்தகிரி வேர்க்கடலை போட்டுப் பிழைத்த விவசாயி. மகள் ஏதோ தையல் டீச்சர் படிப்புக்குப் போகிறாள் என்று நினைத்துத்தான் தர்மபுரி கல்லூரியில் சேர்த்துவிட்டார். அவள் படிப்பது கணிதம் என்று அவருக்குத் தெரிந்தபோது அவள் கல்லூரியிலேயே முதலாவதாக வந்திருந்தாள். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, ஆரம்பிச்சதை முடிச்சுரு” என்றார். அவள் அந்தச் சொல்லைத் தட்டவே இல்லை. சென்னையில் மேல்படிப்பு, பெங்களூரில் ஆராய்ச்சி என்று முடித்துக்கொண்டே போனாள். கணிதத்தை யார் முடித்திருக்கிறார்கள்? அப்பாதான் பாதியில் போய்ச் சேர்ந்தார்.

மிச்சப் பாரம் எல்லாம் தீர்த்தம்மாள் தலையில் விழுந்தது. பெண் பார்க்க வருவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், “பொண்ணு என்னங்க பண்ணுது?” என்பார்கள். தீர்த்தம்மாள் கையைப் பிசைந்துகொண்டு, “சொல்லக்கூடாதுங்களாம்” என்பாள். அவ்வளவுதான், பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்படியே அவளுக்கு முப்பது தாண்டியது, முப்பத்தைந்தும் தாண்டியது.

எண்பத்துநாலில் டெல்லியில் ஒரு சம்பவம் நடந்தது. ஓர் அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பி வழியாக இன்னொரு அலுவலகத்தோடு இணைத்திருந்தார்கள். யாரோ ஒரு குமாஸ்தாவின் மச்சான், பொழுது போகாமல் அந்தக் கம்பி வழியாக உள்ளே புகுந்து, அங்கே இருந்த அத்தனை அதிகாரிகளும் ரிட்டயர் ஆகிவிட்டதாகப் பதிந்துவிட்டான். மறுநாள் காலையில் வந்தவர்களைக் காவலாளி உள்ளே விடவில்லை. கம்ப்யூட்டரே சொன்ன பிறகு நான் யார் என்று கையை விரித்துவிட்டான். தாங்கள் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை என்று நிரூபிக்க அவர்கள் நாயாய் அலைந்தார்கள். அலைந்து முடிப்பதற்குள் இரண்டு பேர் நிஜமாகவே ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

டெல்லி அலறியடித்துக்கொண்டு பெங்களூருக்கு ஆள் அனுப்பி, இன்னும் பெரிய பூட்டு வேண்டும் என்றது. ராஜாமணி விசாரித்துப் பார்த்தாள். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. குமாஸ்தாதான் மாமியார் வீட்டு விருந்தில் பெருமைக்காகக் கடவுச்சொல்லை உளறியிருக்கிறான். “சாவியை மச்சான் கையில் கொடுத்தால் பூட்டு என்ன சார் பண்ணும்?” என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை: சாவியை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக்கூடாது என்று ஒரு கம்ப்யூட்டரால் யோசித்துச் சொல்ல முடியுமா?

வெளிநாடுகளில் யோசிக்கும் இயந்திரங்களுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார்கள், காய்ச்சல் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் ஆளை நம்பலாமா என்று பார்க்க ஒருத்தரும் கற்றுக்கொடுக்கவில்லை. உலகத்திலேயே இதில் கைதேர்ந்தவர்கள் யார் என்று ராஜாமணி யோசித்தாள். சந்தேகமே இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்கப் போகிற தன் ஊர் ஜனங்கள்தான். அவர்கள் செய்வதை அப்படியே விதியாக எழுதினாள். சம்பந்தப்பட்ட வீட்டில் முதலில் கேட்காதே, எதிர்க்கடையில் கேள். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேள். மூன்று பேரும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றால் பெரிய குறை ஒன்று இருக்கிறது. சிரித்துக்கொண்டே குறை சொன்னால் ஆள் நல்ல ஆள்தான். இப்படி நூற்றுக்கணக்கில் எழுதி, கணக்காக்கி, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். அரசு அதற்கு நீளமாக ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. ராஜாமணி அதை ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவின் அக்கா ஒருத்தி இப்படி விசாரித்தே குடும்பத்தில் பல சம்பந்தங்களைக் கலைத்தவள்.

டெல்லிக்கு அத்தையை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எண்பத்தேழில், கம்ப்யூட்டர்களைக் காக்கவும் யோசிக்கும் இயந்திரங்களைச் செய்யவும் தனியாக ஓர் ஆராய்ச்சிக் குழு அமைப்பது, அதற்கு ராஜாமணியைத் தலைவராக்குவது என்று முடிவு செய்தார்கள். அத்தனை வருஷமும் அடுத்தவர் பெயரில் போன வேலை இனி அவள் பெயரில் நடக்கும். அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி: தலைவரை நம்பலாமா என்று விசாரிக்க வேண்டும். “அத்தையே விசாரிக்கட்டும். முதலில் என்னை வைத்தே பரீட்சை பாருங்கள்” என்று இவளே பெருமையாகச் சொன்னாள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

விசாரிக்க வந்தவர் பெயர் ராஜப்பன். தர்மபுரி ஜில்லா ஏரியூரில் பிறந்து, சின்ன வயசிலேயே டெல்லிக்குப் போய்விட்டவர். பாஷை தெரியும் என்பதால் அவரை அனுப்பினார்கள். கல்யாணம் ஆகாதவர். எதற்கு விசாரிக்கிறோம் என்று உயிரே போனாலும் சொல்லக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. சலவைச் சட்டையும் தோல் பையுமாக வந்து மாதப்பன் கடையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, குரலைத் தாழ்த்தி, “இங்க தீர்த்தம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க பொண்ணு எப்படிங்க?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது! மாதப்பனுக்கும் தீர்த்தம்மாளுக்கும் அப்போது பெரிய வரப்புச் சண்டை. ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிப்பதில்லை. ஆனால் ஊர்ப் பெண்ணுக்கு ஒரு இடம் வருகிறதென்றால் சண்டையாவது ஒண்ணாவது. மாதப்பன் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

“பொண்ணுங்களா? தங்கம்ங்க. கொடுத்து வெச்சிருக்கணும்.”

“வயசு?”

“இருவத்தெட்டுங்க.”

“படிப்பு?”

போன மாப்பிள்ளை, பெண் தன்னைவிட அதிகம் படித்தவள் என்றுதான் ஓடினான் என்பது மாதப்பனுக்கு ஞாபகம் வந்தது. “பத்தாவதுங்க. அதுக்கு மேல ஏறலை.”

ராஜப்பன் அடுத்து சைக்கிள் கடைக்குப் போவதற்குள், ‘இருவத்தெட்டு, பத்தாவது’ என்ற சேதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. “கணக்கு நல்லா வருமாங்க?” என்று அவர் நூர் பாஷாவிடம் கேட்டார். கையில் இருந்த தகவலில் கணிதம் என்று போட்டிருந்ததே, அதனால்.

“கணக்கா? அல்லாவே! அது ஒண்ணுதாங்க அந்தப் புள்ளைக்குச் சுத்தமா வராது. பத்தாவதுல கணக்குலதான் போயிடுச்சு. டயர்ல எத்தனை பஞ்சர்னுகூட எண்ணத் தெரியாதுங்க. அவ்வளவு வெகுளி.”

பம்ப்செட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம், “வெளிநாட்டு ஆளுங்க பழக்கம் எதாச்சும் உண்டாங்க?” என்று கேட்டார்.

“வெளிநாடா! தொப்பூரைத் தாண்டினதில்லைங்க அது.”

“பெங்களூர்ல இருக்காங்கன்னு சொன்னாங்களே?”

சின்னம்மாள் துணியைக் கல்லில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். “அது சித்தி வூடுங்க. தையல் கத்துக்குது. வாசப்படி தாண்டாது. ஆம்பளைங்க மொகத்தையே பாக்காதுங்க.”

கடைசியாக வீட்டுக்கு வந்தார். தீர்த்தம்மாள் அதற்குள் பட்டுச்சேலை மாற்றி, கேசரி கிண்டி வைத்திருந்தாள். ஊர் சொன்ன வயசையும் படிப்பையும் தையலையும் அப்படியே ஒப்பித்தாள். ஓரிடத்திலும் வாய் பிசகவில்லை. பிறகு தன் பங்குக்கு, “உங்க பையன் என்னங்க பண்றாரு?” என்று கேட்டாள்.

பையனா, யார் பையன் என்று ராஜப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. விவரம் புரியாத இடத்தில் சொல்லவேண்டியதை அவருக்குப் பழக்கியிருந்தார்கள். “அதெல்லாம் நான் சொல்லக்கூடாதுங்கம்மா” என்றார்.

தீர்த்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா, சாமி! சொல்லக்கூடாது என்கிற பெண்ணுக்குச் சொல்லக்கூடாது என்கிற மாப்பிள்ளை! இப்படி ஒரு பொருத்தத்தைக் கம்ப்யூட்டரில் தேடினாலும் கிடைக்காதே என்று அவருக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

ராஜப்பன் நேர்மையான மனுஷர். கேட்டதை ஓர் எழுத்து மாற்றாமல் அத்தைக்கு அனுப்பினார். போர்டு இல்லாத ஆபீசில் அச்சு இயந்திரம் கிறீச்சென்று கத்தி அத்தையின் முடிவைத் துப்பியபோது ராஜாமணி பக்கத்திலேயே நின்றாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ராஜாமணி என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி இருபத்தெட்டு வயது, பத்தாம் வகுப்பு, கணக்கில் தோல்வி, தையல் பழகுகிறவள். அவளைப் பற்றி ஒருவரும் குறை சொல்லாததால் அவளையும் முழுதாக நம்பவேண்டாம். இன்னொருத்தி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறாள். அவள் யார் என்று தெரியவில்லை. உடனே பிடித்து வைக்கவும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகச் சரிபார்த்தாள். ஒரு பிழை இல்லை. தன் கையால் செய்தது இத்தனை அழகாக வேலை செய்கிறதே என்று ஒரு நிமிஷம் பூரித்துக்கூடப் போனாள். பிறகுதான், பிடித்து வைக்கச் சொல்லியிருப்பது தன்னைத்தான் என்று உறைத்தது.

ஆபீசில் கூத்து ஆரம்பமானது. தினம் சல்யூட் அடிக்கும் சிப்பாய், “நீங்க எந்த ராஜாமணி?” என்று வாசலில் நிறுத்தினான். இல்லாத ஆளுக்கு டீ கொடுத்தால் அது ரகசியம் கசிந்த கணக்கில் வருமா என்று கேண்டீன்காரர் டெல்லிக்குக் கேட்டனுப்பினார். இயக்குநர் நல்லவர். அவரும் பேச்சுவாக்கில் “மிஸ் இரண்டாவது ராஜாமணி” என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஊர்க்காரர்கள் ஏதோ உளறியிருக்கிறார்கள். ரெண்டு விதியைத் தட்டிவிடுங்கள், அத்தை சரியாகிவிடும்” என்றார் அவர்.

“என்னை உள்ளே விடுவதற்காக நானே அத்தையின் வாயை அடைத்தால், நாளைக்கு எவனை அது தடுக்கும் சார்? மறு விசாரணை வையுங்கள்.”

வைத்தார்கள். அதே அதிகாரி, அதே ஆட்கள். விசாரணை நடக்கும்போது அவள் எதிரில் நிற்கக்கூடாது. எதற்கு விசாரணை என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. இதிலும் தேறாவிட்டால் குழு தொடங்குவதற்கு முன்பே கலைக்கப்படும், அவள் வேலையும் போகும். உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊராரிடம் கேட்பது தப்பா என்று மட்டும் தான் எழுதிய விதிகளில் தேடினாள். அப்படி ஒரு நிலைமை வரும் என்று விதி எழுதிய மகராசி நினைத்தே பார்க்கவில்லை.

அவள் ஊருக்கு வந்தபோது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் முகத்தில் அப்படி ஒரு களை. “வாடி மவராசி! டெல்லி சம்பந்தமாம்டி! அன்னிக்கு விசாரிச்சுட்டுப் போனவரு மறுபடியும் வர்றேன்னு டெல்லியிலிருந்து லெட்டர் போட்டிருக்காரு.”

“அம்மா, அவரு வந்தா என் நெசமான வயசைச் சொல்லிடு. படிப்பையும் சொல்லிடு.”

“என்னாத்துக்கு?”

“சொல்லக்கூடாதும்மா.”

“உனக்கென்ன கிறுக்கா? இருவத்தெட்டுன்னு சொல்லிப்புட்டு முப்பத்தேழுன்னு எந்த மொகத்தை வெச்சிக்கிட்டு மாத்திச் சொல்றது? அந்த மாப்பிள்ளை உனக்கு வேணாமா?”

“மாப்பிள்ளையே இல்லம்மா.”

“அப்ப விசாரிக்க வந்தவரு யாரு?”

“அதையும் சொல்லக்கூடாது.”

தீர்த்தம்மாள் சுண்ணாம்பு மட்டையைத் தூக்கி எறிந்தாள். “சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது! இந்த ஒரு பேச்சைக் கேட்டே நான் பாதி செத்துட்டேன். உங்கப்பனும் போயிட்டாரு. நானும் போயிட்டா ஒரு காய்ச்சல் வந்தா உன்னை யாருடி பாப்பா? இப்பத்தான் ஒரு சம்பந்தம் வாசலுக்கு வந்திருக்குது. அதையும் என் வாயாலயே கெடுக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?” என்று அழுதாள். பதினாறு வயசிலிருந்து விடை தெரியாத கணக்கை விட்டு எழுந்ததில்லை ராஜாமணி. அன்றைக்கு எழுந்து வெளியே போனாள்.

மாதப்பனிடமும் நூர் பாஷாவிடமும் சின்னம்மாளிடமும் கெஞ்சிப் பார்த்தாள். “மாமா, என்னைப் பத்தி உள்ளது உள்ளபடி சொல்லிடுங்க. பாய், நீங்களும்.” மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. பெண்ணுக்குப் பெங்களூரில் எவனோ இருக்கிறான்! அதனால்தான் வந்த சம்பந்தத்தைத் தட்டிவிடப் பார்க்கிறாள். விடுவார்களா? சைக்கிள் கடையில் கூட்டம் போட்டு, அந்தப் பெண்ணிடமிருந்தே அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்தார்கள். யாரும் மாற்றிப் பேசிவிடக்கூடாது என்று ஒரே பாடமாக மனப்பாடமும் செய்துகொண்டார்கள்: தங்கமான பொண்ணு, இருவத்தெட்டு, பத்தாவது, தையல். கடையை அவள் கடந்து போகும்போது உள்ளே பள்ளிக்கூடம் மாதிரி ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அத்தை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? இனி இதை அந்த ஆண்டவனே வந்தாலும் நிமிர்த்த முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜப்பன் வந்த அன்று ஊரே தீர்த்தம்மாள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. ராஜாமணியை விதிப்படி மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினார்கள். எருமைக்கும் வைக்கோலுக்கும் நடுவே நின்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மாதப்பன் ஒப்பித்தார். நூர் பாஷா ஒப்பித்தார். சின்னம்மாள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, தையலில் ஜாக்கெட்டும் உண்டு என்று கூடுதலாகச் சேர்த்தாள். ராஜப்பன் பேனாவை மூடினார். மேலிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று மட்டும் அவரிடம் பாக்கி இருந்தது.

“அம்மா, பெங்களூர்ல உங்க பொண்ணு பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தங்க இருக்காங்க. வயசு முப்பத்தேழாம். கணக்குல டாக்டர் பட்டமாம். நீங்க எல்லாரும் சொல்றதைப் பாத்தா அது உங்க பொண்ணு இல்லை, யாரோ ஏமாத்துக்காரி. ‘அவ எம் பொண்ணு இல்லை’ன்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். மேல இருக்கிறவங்க பாத்துக்குவாங்க.”

“என்னா பாத்துக்குவாங்க?”

“வேலையை விட்டுத் தூக்குவாங்க. புடிச்சு உள்ள வெச்சு விசாரிப்பாங்க.”

தீர்த்தம்மாள் மாதப்பனைப் பார்த்தாள். சொல்லு சொல்லு என்று அவர் கண்ணைக் காட்டினார். ஒரு வார்த்தைதானே! சொல்லிவிட்டால் டெல்லி சம்பந்தம். கொட்டகையில் ராஜாமணி எருமையின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எவன்டா சொன்னது?” என்று ஒரு சத்தம் வந்தது. ராஜாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. “எவன்டா சொன்னது, எம் பொண்ணு இல்லைன்னு? முப்பத்தேழு! தை பொறந்தா முப்பத்தெட்டு! பெத்தவ நான், எனக்குத் தெரியாதா? கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவ எம் பொண்ணு. ஒரு எண்ணுக்குள்ள இன்னொரு எண்ணை ஒளிச்சு வெச்சா அதை எப்பிடிக் கண்டுபுடிக்கிறதுன்னு படிச்சுப் பட்டம் வாங்கினவ. சீமைக்கெல்லாம் போயி அந்தக் கணக்கைப் பேசிட்டு வந்தவ! தையலாம் தையல்! அவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதுய்யா!”

“அக்கா, அக்கா” என்று நூர் பாஷா பதறினார்.

“நீ சும்மா இரு பாய்! கணக்குல ஃபெயிலுன்னு சொன்ன வாயி தானே இது? இதையும் கேட்டுக்குங்க சார். கோவக்காரி. புடிச்சாப் புடிச்சதுதான். ரசம் வெச்சா மாடு மோந்து பாக்காது. அரூர் பஸ்ஸுல ஒருத்தன் இடிச்சான்னு செருப்பைக் கழட்டினவ. மாப்பிள்ளைங்களை மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னவ. ஆனா எம் பொண்ணு! அவளை இல்லைன்னு சொல்லித்தான் ஒரு சம்பந்தம் வரணும்னா, உங்க டெல்லிக்காரங்களை வேற வூடு பாத்துக்கச் சொல்லுங்க. அவளைப் புடிக்கறதுக்கு எவன் வர்றான்னு நானும் பாக்கறேன்!”

அணை உடைந்த பிறகு யார் வாயை யார் மூடுவது? சின்னம்மாள், “பெரியவங்க வந்தா எந்திரிக்காதுங்க அது, புஸ்தகத்துலயே கெடக்கும்” என்று ஆரம்பித்தாள். நூர் பாஷா, “ஆமா சார், என் கடை சைக்கிளை எடுத்துட்டுப் போயி ஏதோ யோசனையில நேரா ஏரிக்குள்ள வுட்டுச்சு” என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாதப்பன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எங்க வரப்புச் சண்டையில அந்தப் புள்ளையைத்தாங்க அளக்கச் சொன்னோம். டேப்பைப் புடிச்சு அளந்துட்டு, ‘எங்க அம்மா பக்கந்தான் தப்பு’ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. பெத்தவளாச்சேன்னுகூடப் பாக்கலைங்க, படுபாவி!”

ஆளுக்கொரு குறை, ஆளுக்கொரு வார்த்தை, சிரிப்பும் திட்டுமாக ராஜப்பனால் எழுதி மாளவில்லை. கொட்டகைக்குள் ராஜாமணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தைக்கு வேண்டிய அத்தனையும் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதை அல்ல. எண்ணுக்குள் எண்ணை ஒளித்துவைப்பதைப் பற்றி அம்மாவிடம் அவள் எப்போதோ, படிக்கிற காலத்தில், ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அம்மா அப்போது கடலை உரித்துக்கொண்டு, ம், ம் என்றாள். அது காதில் விழுந்தது என்றே அவள் நினைத்திருக்கவில்லை.

“போதும்மா, எனக்கு வேண்டியது கெடைச்சிருச்சு” என்று ராஜப்பன் எழுந்தார். கேசரியைத் தொடவில்லை. தோல் பையை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்தக் குழு அதே வருஷம் தொடங்கியது. ராஜாமணிதான் தலைவர். அவளுக்குக் கீழே நிறையப் பேர் வேலை பார்த்தார்கள், நிறையப் பூட்டுகள் செய்தார்கள், அத்தைக்குத் தங்கைகள் பலர் பிறந்தார்கள். அதற்கு மேல் இன்றைக்கும் வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அன்றைக்கு அந்த வாசலில் அது எதுவும் யாருக்கும் தெரியாது. நல்ல சம்பந்தம் ஒன்று கண்ணெதிரே கைநழுவிப் போனது என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். “கெடுத்துட்டியேக்கா” என்று சின்னம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ராஜாமணி கொட்டகையிலிருந்து வந்தபோது தீர்த்தம்மாள் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. “எல்லாம் போச்சு கண்ணு. என் வாயாலயே கெடுத்துப்புட்டேன். இனிமே இந்த ஊர்ப் பக்கம் ஒருத்தன் வருவானா?” என்றாள். நீ எதையும் கெடுக்கவில்லை, நீ கொடுத்ததுதான் எல்லாம் என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிஷம் ஆகாது. நாட்டில் யாரை நம்பலாம் என்று சொல்லப்போகிறவளுக்கு, இந்த வீட்டில் அதைச் சொல்ல அனுமதி இல்லை. அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

தீர்த்தம்மாள் திகைத்துப்போனாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அடிப்பாவி, உனக்கும் அந்தச் சம்பந்தம் புடிச்சிருந்துச்சா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? செத்தாலும் இருவத்தெட்டை விட்டு எறங்கியிருக்க மாட்டேனேடி!”